மழை பெய்தால்தான் பேச முடியும்

1

ஒளிப்பானேன், இந்தக் கதையை நான் ஒட்டுக்கேட்டுத்தான் பிடித்தேன். கோலாலம்பூர் பக்கம், சுபாங் ஜெயாவில் ஒரு கிளினிக்கில் பல்வலியோடு உட்கார்ந்திருந்தேன். பின்வரிசையில் ஓர் அம்மாள் கைப்பேசியில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்தக் காலத்து பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே லயத்துல, மழை பேஞ்சாத்தான் புருசன் பொண்டாட்டி மனசுவிட்டுப் பேசுவாங்களாம்லா." காதைத் தீட்டிக்கொண்டேன். அந்நேரம் பார்த்து என் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். பல் போயிற்று, மீதிக் கதையும் போயிற்று. ஆகவே இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

"1926ஆம் ஆண்டு, பிரிக்ஃபீல்ட்ஸ் வானத்தில் கருமேகங்கள்..."

வேண்டாம். மேகத்தில் ஆரம்பிக்கிறவனுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

"வீரம்மாவின் மனதில் ஒரு ரகசியம்..."

அடித்துவிட்டேன். ரகசியம் யாரிடம்தான் இல்லை?

நேராகவே வருகிறேன். லயம் என்பது ரயில்வே கூலியாட்களுக்குக் கட்டிய வரிசை வீடு. பத்து வீடு, பத்துக்கும் ஒரே தகரக் கூரை. வீட்டுக்கு வீடு பலகைத் தடுப்பு, அதுவும் ஆள் உயரத்துக்குத்தான். ஒரு வீட்டில் தும்மினால் நாலாம் வீட்டில் "நூறாயுசு" என்பார்கள். தகரத்தில் மழை கொட்டும்போது காதில் வாய் வைத்துச் சொன்னால்தான் எந்த அந்தரங்கமும் அந்தரங்கம். வீரம்மாவும் அங்கமுத்துவும் கல்யாணமான எட்டு மாதமாக இப்படித்தான் தங்கள் கதையை ஒருவருக்கொருவர் சொல்லி வந்தார்கள். அவன் மாடு தொலைத்து அடி வாங்கியது, அவள் தம்பி காய்ச்சலில் போனது, எல்லாம். (தூறலுக்கெல்லாம் கதை கிடையாது. கொட்டினால்தான்.)

ஒன்றை மட்டும் வீரம்மா இன்னும் சொல்லவில்லை.

3

புதன்கிழமை அங்கமுத்து ரயில் பட்டறையிலிருந்து வந்து சொன்னான்: "புதுசா ஒருத்தன் சேந்திருக்கான். கன்னையான்னு பேரு, கிள்ளான் பக்கம் தோட்டத்துல இருந்தவன். நல்ல மனுசன். ஞாயித்துக்கெழம சாயங்காலம் சாப்பிட வரச்சொல்லியிருக்கேன்."

அந்தப் பேர் வீரம்மாவுக்குத் தெரிந்த பேர்.

நாகப்பட்டினத்தில் மலாயாவுக்குக் கப்பல் ஏற்றும் டிப்போவில், ஆள் சேர்க்கும் கங்காணி, "ஒண்டிப் பொம்பளைன்னா ஆயிரம் கேள்வி கேப்பான்" என்று சொல்லி, வரிசையில் முன்னால் நின்ற இந்தக் கன்னையாவுக்கு அவளைப் பெண்டாட்டி என்று பதிந்துவிட்டான். கப்பல் நெடுக அவன் வாந்தி எடுத்தான். பாவமே என்று அவள் தன் எலுமிச்சை ஊறுகாயைக் கொடுத்தாள். அவ்வளவுதான் தாம்பத்தியம். கரை இறங்கியதும் அவள் அக்காள் வீட்டுக்குப் போனாள், அவன் தோட்டத்துக்குப் போனான்.

இதை அவள் வாயால் அங்கமுத்து கேட்பது ஒன்று. சோற்று இலைக்கு முன்னால், கன்னையா வாயால் கேட்பது வேறு. அங்கமுத்துவை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அவன் முகம் கோணுவதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. கன்னையா வருவதற்குள் சொல்லியாக வேண்டும்.

வியாழன் வெயில். வெள்ளி வெயில். சனி கொளுத்திற்று. (ஆசிரியன் நான்தானே, வியாழனே பெய்ய வைத்திருக்கலாம். செய்யவில்லை. கதைக்காரன் புத்தி அது.)

4

ஞாயிறு மூன்று மணிக்குக் கொட்டியது. வீரம்மா அவன் காதருகே போனாள். முகத்தைப் பார்த்ததும் நாக்கு எழவில்லை. அவன் ஒழுகுகிற இடத்தில் வைக்கக் குண்டானை எடுத்துக்கொண்டு திரும்பினான். இப்போது முதுகுதான் தெரிந்தது. முதுகிடம் சொல்வது சுலபம். கத்திச் சொன்னாள்.

"என்னது? கேக்கல."

மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் கத்தினாள்: "கப்பல்ல நான் கன்னையாவுக்குப் பொண்டாட்டியா வந்தேன்."

'கப்பல்ல' என்ற இடத்தில் மழை நின்றது. கோலாலம்பூர் மழை அப்படித்தான், குழாயை மூடினாற்போல நிற்கும். மீதி நாலு சொல்லும் பத்து வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தன.

எங்கோ அம்மி அரைக்கும் சத்தம் நின்றது. அங்கமுத்து குண்டானும் கையுமாக நின்றான்.

பலகைக்கு அப்பால் பக்கத்து வீட்டு இராஜம்மா வாய் திறந்தாள். "இதுக்கா இந்தக் கத்து? நானும் டிப்போவுல எவனுக்கோ பொண்டாட்டியாத்தான் கப்பல் ஏறுனேன். அவன் பேருகூட மறந்துபோச்சு."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே" என்றது அவள் புருஷன் குரல்.

"மழை பெய்யட்டும், சொல்றேன்."

லயமே சிரித்தது. அங்கமுத்து சிரிக்கவில்லை.

5

இங்கே மூன்று முடிவு எழுதி வைத்திருந்தேன். ஒன்று, அங்கமுத்து கோபித்துக்கொண்டு வெளியே போகிறான். எட்டு மாத மழையில் பேசியவன் அப்படிப் போகமாட்டான். இரண்டு, பெரிய மனதோடு மன்னிக்கிறான். மன்னிக்க என்ன இருக்கிறது? வீரம்மா என் பேனாவைப் பிடுங்கிவிடுவாள். மூன்றாவது, அங்கமுத்துவிடமும் ஒரு

(பாதியில் நிற்கிறது. விட்ட மழை மறுபடி பிடித்துக்கொண்டது.)

தகரம் அதிர்கிறது. அங்கமுத்து குண்டானைக் கீழே வைக்கிறான். வீரம்மாவின் காதில் வாய் வைத்து நெடுநேரம் ஏதோ சொல்கிறான். அவள் கண் அகலமாகிறது. கையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். அவன் தோளில் ஓர் அடி போட்டுவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரிக்கிறாள். பிறகு அவள் முறை. கப்பல், வாந்தி, ஊறுகாய், ஒன்றுவிடாமல் அவன் காதில் சொல்கிறாள்.

அவன் என்ன சொன்னான்? எனக்குக் கேட்கவில்லை. நானும் இராஜம்மாவைப்போலப் பலகைக்கு இந்தப் பக்கம்தான். உங்களிடம் இதுவரை யாருக்கும் சொல்லாதது ஒன்று இருக்குமே, அதை அவன் வாயில் வைத்துப் பாருங்கள். பொருந்தும்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மழை விட்டதும் கன்னையா வந்தான். வீரம்மாவைப் பார்த்தான், இலையின் முன் தலை குனிந்து உட்கார்ந்தான். ஊறுகாய்ச் சாடியை எடுத்து அவன் பக்கம் நகர்த்தியவன் அங்கமுத்துதான்.

"எலுமிச்சைண்ணே. பயப்படாம சாப்புடு, வீடு ஆடாது."