வேண்டாம் என்று அழுத்திய விரல்

அக்கா ஃபோன் திரையில் கட்டைவிரலை அழுத்திப் பிடித்திருந்தாள். விரலுக்கடியில் யார் வீட்டுக் குழந்தையோ தொட்டித் தண்ணீரை அடித்துச் சிரித்தது. சற்றுப் பொறுத்து ‘இது வேண்டாம்’ என்ற பட்டன் எழும்பியது. தட்டினாள். அடுத்து வந்ததும் குழந்தைதான். வயிற்றிலேயே பிள்ளை இறந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வந்த நாளிலிருந்து இதுதான் நடக்கிறது.

நான் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

“ஏண்டா, இது உங்க கம்பெனிதானே? வேணாம் வேணாம்னு அமுக்குறேன், கொண்டாந்து கொட்டுறீங்க. அங்க ஒருத்தனுக்கும் காது கேக்காதா?”

“சரியாயிடும்க்கா.”

சரியாகாது. அவள் விரலைப் பார்த்தபோதே உறைத்துவிட்டது. ஒரு வீடியோவில் எவ்வளவு நேரம் நிற்கிறீர்களோ அவ்வளவு பிடித்திருக்கிறது என்பது எங்கள் கணக்கு. வேண்டாம் என்று சொல்லவும் அதன் மேல்தான் விரலை வைத்து நிற்க வேண்டும். அந்த நேரத்தையும் பிடித்த கணக்கிலேயே சேர்த்துக்கொண்டிருந்தோம். அவள் மறுக்க மறுக்க, இவளுக்கு ஆசை அதிகம் என்று மெஷின் எண்ணிக்கொண்டது.

படிப்பைப் பாதியில் விட்ட எனக்கு அங்கே ஒரே ஒரு அதிகாரம் உண்டு. ஆப்பின் புதுப் பதிப்பைச் சோதித்து நான் ‘சரி’ போடாமல் அது வெளியே போகாது. போட மறுத்தேன். எங்கள் தலைவர் கூப்பிட்டார். மக்கள் பார்க்கும் நேரம் ஏறுகிறதா என்று திரையில் ஏறி இறங்கும் கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பதால் அவருக்கு மீட்டர் என்று பெயர்.

“ஒண்ணு ரெண்டு செகண்டுய்யா. அதைக் கழிச்சா கோடு இறங்கும். மேல யாரு பதில் சொல்றது, உங்கப்பாவா?”

“வேணாம்னு சொல்றவங்க நேரம் சார் அது.”

“எத்தனை பேர் புகார் பண்ணாங்க?”

“புகார் பண்ணத்தான் சார் அந்த பட்டனே.”

மீட்டர் மறுபடி திரைப் பக்கம் திரும்பினார். பிறகு, “திருத்தித் தொலைங்க. கோடு விழுந்தா முதல்ல நீதான் வெளிய” என்றார்.

திருத்திய பதிப்பு வந்த வாரம் அக்காவின் ஃபோனில் மலைப்பாதை, நாய், கடிகாரம் ரிப்பேர் செய்கிற ஓர் ஆள். தள்ளிக்கொண்டே போனாள்.

“என்னடா, ஒண்ணையும் காணோம்?”

“நிறுத்திட்டோம்க்கா.”

“ம்.”

இன்னும் கொஞ்சம் தள்ளினாள். பிறகு மேலே தேடும் இடத்துக்குப் போய் ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். வந்தவற்றில் நிதானமாக ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்தாள். சத்தத்தைக் கூட்டினாள். கடைசிவரை பார்த்தாள். ஃபோனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள்.

கவிழ்ந்த ஃபோனுக்கடியில் அந்தக் குழந்தை மறுபடி முதலிலிருந்து சிரிக்கத் தொடங்கியது.