வலையின் அடிக்கயிறு

மீன்குஞ்சு பொரிக்கும் புதுக் கூடத்தின் பொறுப்பு தனக்குத்தான் என்று சைதூன் நம்பியிருந்தாள். கோவளத்துக்குத் தெற்கே, உப்பங்கழி ஓரத்து மீன் ஆராய்ச்சி நிலையத்தில் அவள்தான் மூத்தவள். ஆனால் அதிகாரி ஜெனிட்டா மேடம் இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் ரேணுகாவைத்தான் கூப்பிட்டார். திருப்போரூர்ப் பக்கம் நெல் விளைவிக்கிற குடும்பத்துப் பெண். வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆளுக்கொரு குளம் என்ற கணக்கில் அவள் பார்த்துக்கொண்ட குளத்துக் கொடுவா மீன்கள் கொழுத்து வளர்ந்தது சைதூனுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

புயல் எச்சரிக்கை வந்தது. வெள்ளம் கரை தாண்டினால் மீன் போய்விடாமலிருக்க, குளத்தைச் சுற்றி வலை கட்டி அதன் அடிக்கயிற்றைச் சேற்றில் புதைப்பார்கள். மாலையில் ரேணுகாவின் வலை ஒரு மூலையில் புதைபடாமல் காற்றில் ஆடுவதைச் சைதூன் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ரேணுகா இன்னும் கரையில் இருக்க, சொல்லாமல் வீட்டுக்குப் போகும் வேனில் ஏறிவிட்டாள்.

தண்ணீர் வடிந்து பாதை திறந்ததும் எல்லோரும் வந்தார்கள். ரேணுகாவின் குளத்தில் ஒரு மீன்கூட இல்லை. சைதூனின் குளத்தில் ஒன்றும் குறையவில்லை.

"அனுபவம்னா இதான்! கூடத்துச் சாவி உனக்குத்தான் சைதூன்" என்றார் மேடம்.

பூரிப்போடு தன் குளத்துக் கரையைச் சுற்றி வந்தவள் வடக்கு மூலையில் நின்றாள். அடிக்கயிற்றின் மேல் புல்லோடு பெயர்த்த களிமண் அப்பியிருந்தது. வயல்காரர்கள் வரப்பு அடைக்கும் விதம். ரேணுகாவையே நோட்டம் விட்டுக்கொண்டிருந்ததில் இந்த மூலையைப் புதைக்கவே மறந்திருந்தாள்.

"இன்னாடி இது?" என்று ரேணுகாவைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"உங்க மூல தொறந்து கெடந்துச்சுக்கா. அத அடச்சுட்டு என்துக்கு வரதுக்குள்ள தண்ணி ஏறிகிச்சு."

"உன்த மொதல்ல பாக்க மாட்டியா, லூசு!"

"கூடத்துக்கு நீங்க எவ்ளோ ஆசப்பட்டுகினு இருந்தீங்க. எனக்குத் தெரியாதா?"

சைதூன் ரேணுகாவின் கையைப் பிடித்துக்கொண்டு மேடத்திடம் நடந்தாள்.

"மேடம், என் கொளத்தக் காப்பாத்துனது இவதான். இவ வல தொறந்து கெடந்தத நான் பாத்தேன். பாத்துட்டு வாய மூடிகினு போயிட்டேன். சாவிய இவகிட்ட குடுங்க."

"அய்யே, இன்னாக்கா நீங்க!" என்று ரேணுகா பின்வாங்கினாள். மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சாவியை ரேணுகாவின் கையில் வைத்தார்.

பொறாமை போய்விட்டது என்று சொல்வதற்கில்லை. சாவியைப் பார்த்தபோது மறுபடி சுருக்கென்றது. "யா அல்லாஹ்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு, சைதூன் புடவையை இடுப்பில் செருகி ரேணுகாவின் வெறுங்குளத்தில் இறங்கினாள். சேற்றுக்குள் கைவிட்டு, அறுந்துபோன அடிக்கயிற்றைத் தேடத் தொடங்கினாள்.