அமாவாசைத் தண்ணீர்

இன்ஜினியர் அழகியமணவாளன் தர்ப்பணம் முடித்து வரும்வரை ஏஞ்சல் அவர் வீட்டு வாசலில், ஆபீஸ் ஜீப்பை ஒட்டி நின்றாள். யாரும் உள்ளே வரச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டாள். தோளில் தொங்கிய பையில் இரண்டு காலி பாட்டில், அரக்குக் குச்சி, பித்தளை முத்திரை, நோட்டீஸ் ஃபாரம். சின்னக் காஞ்சிபுரத்துத் தெருவில் போனவர்கள் எல்லாரும் ஒருமுறை அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். ஆவணி அமாவாசை. சாருக்குப் பதினொரு மணிவரை பர்மிஷன். பட்டறைகளின் கழிவுநீரைக் கண்காணிக்கிற, அவள் வேலை பார்க்கும் அந்த அலுவலகத்தில் வெளியே போய் மாதிரி எடுக்க அதிகாரமுள்ளவர் அவர் ஒருவர்தான். அவர் போகாத நாளில் யாரும் போவதில்லை.

அந்த நாள் எது என்பதை அவளுக்குக் காட்டிக்கொடுத்தது அம்மாவின் வெள்ளைப் புடவை. அன்னம்மாள் ஒரு நெசவாளி வீட்டில் தறிக்கு ஊடைநூலைத் தார் சுற்றுகிறவள். அமாவாசையன்று தறி ஓடாது, அதனால் அவளுக்கு லீவு. லீவு என்றால் துணி துவைக்கிற நாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கட்டுவதற்கென்று வைத்திருந்த ஒரே வெள்ளைப் புடவை கொடியில் காயும்போது ரோஸ் நிறமாகிக் கிடந்தது. "மத்த நாள்ல கெணத்துத் தண்ணி லேசா நாறும், அவ்ளோதான். அமாவாசை வந்தா கலரும் சேந்து வந்துடுதுடி" என்றாள் அம்மா. மறுநாளே ஏஞ்சல் ஆபீஸில் மூன்று வருஷ ரிஜிஸ்டரை எடுத்து காலண்டரோடு வைத்துப் பார்த்தாள். அவர்கள் குடியிருக்கும் காலனியின் கிணற்றை ஒட்டி ஓடும் கால்வாயின் மேல்பக்கத்தில் இருக்கிறது கலியாணசுந்தரத்தின் சாயப்பட்டறை. அங்கே எடுத்த முப்பத்தாறு மாதிரிகளும் சுத்தம். ஒன்றுகூட அமாவாசையில் எடுத்தது இல்லை. பட்டறை மூடியிருக்கிற நாளில் போய் என்னத்தை எடுப்பது என்று ஆபீஸ் நினைத்துக்கொண்டது. போதாததற்கு சாருக்குத் தர்ப்பணம். கலியாணசுந்தரம் மாதம் முழுக்கச் சாயத்தண்ணீரைத் தொட்டியில் தேக்கிவைத்து, எட்டிப்பார்க்க ஆளில்லாத அந்த ஒரே நாளில் மொத்தத்தையும் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார்.

போன அமாவாசைக்கு அவளே ஒரு சோடா பாட்டிலில் கால்வாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டுபோய் சார் மேஜையில் வைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சட்டப்படி இது தண்ணியே இல்லம்மா" என்றார். அதிகாரி நேரில் போகவேண்டும். முதலாளிக்கு நோட்டீஸ் கொடுக்கவேண்டும். அவர் கண்ணெதிரே இரண்டு பாட்டிலாகப் பிரித்து முத்திரை வைக்கவேண்டும். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, அவள் வம்சத்தில் முதல் டிகிரி, சோடா பாட்டிலோடு வாசல்படி இறங்கியது. பட்டறைக்கு இன்னும் இரண்டு வருஷத்துக்கு அனுமதி கொடுக்கும் கோப்பு நாளைக் காலையில் கையெழுத்தாகப் போகிறது. இன்று விட்டால் காலனிக்கு அந்தக் கிணறு இல்லை.

கதவு திறந்தது. ஈரத்தலை, பளிச்சென்ற திருமண். "என்னம்மா, இங்கேயே வந்து நிக்கறே?"

"இன்னிக்குப் போவணும் சார். இப்பவே."

"இன்னிக்கா? நான் இன்னும் ஒரு வாய் சாப்பிடலையே. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"உங்க அப்பா தாத்தாவுக்கெல்லாம் தண்ணி விட்டுட்டீங்க. எங்காளுங்க இன்னும் சாவல சார். அவங்களுக்கும் தண்ணி வேணும்."

சொன்ன பிறகுதான் தன்னுடையது தினக்கூலி வேலை என்பது நினைவுக்கு வந்தது. போனால் போகட்டும் என்று நிமிர்ந்தே நின்றாள். அவர் முகம் சிவந்தது. உள்ளே திரும்பிப் போனார். ஜீப் டிரைவர் நாக்கைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். உள்ளேயிருந்து அவர் மனைவியிடம் சொல்வது கேட்டது: "கோதா, இலை போட்டுடாதே. வந்து சாப்பிட்டுக்கறேன்."

பட்டறை வாசலில் பூட்டுத் தொங்கியது. உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. "லீவு சார், உள்ள யாருமே இல்ல" என்றான் வாட்ச்மேன், மோட்டார் சத்தத்துக்கு மேல் கத்தி. ஏஞ்சல் நிற்கவில்லை. பின்பக்கச் சுவரைச் சுற்றிப் போனாள். மனிதத் தலை நுழையும் அகலத்தில் ஒரு குழாய். அதிலிருந்து மெரூன் நிறத்தில், முகூர்த்தப் புடவைகளின் சாயமெல்லாம் சேர்ந்து, நுரையோடு கொட்டிக்கொண்டிருந்தது. சோப்பும் அமிலமும் கலந்த நெடி மூக்கை அறுத்தது. சாரும் பின்னாலேயே வந்துவிட்டார். "மூணு வருஷமா நான் எழுதினது எல்லாம்…" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

மொபெட்டில் கலியாணசுந்தரம் வந்தார். கோயிலிலிருந்து நேராக வந்திருக்கவேண்டும். நெற்றிக் குங்குமம் இன்னும் காயவில்லை. அதற்குள் காலனிப் பெண்கள் குடத்தோடு கரையில் கூடிவிட்டார்கள். முன்னால் அன்னம்மாள்.

"இன்னா சாமி, விரத நாளும் அதுவுமா?" என்று கலியாணசுந்தரம் சாரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு ஏஞ்சலைப் பார்த்தார். "காலனிப் பொண்ணுக்கு வேல குடுத்தா ஆபீஸையே காலனிக்கு இட்டாந்துடுச்சு பாரு."

"ஆமா, இட்டாந்துட்டேன். நோட்டீஸைப் புடிங்க."

"பட்டறை லீவும்மா. லீவு நாள்ல நான் மொதலாளியே கெடையாது. கோயிலுக்குப் போய்க்கினு இருக்கற ஆளு. என்னாத்துக்குக் கையெழுத்து?"

ஏஞ்சல் கால்வாயில் இறங்கினாள். முழங்கால்வரை சுடிதார் நிறம் மாறியது. குழாய் வாயிலேயே பிடித்து இரண்டு பாட்டிலையும் நிரப்பி, ஒன்றை மேலே நீட்டினாள்.

"சாமி, தர்ப்பணம் பண்ண கை" என்றார் கலியாணசுந்தரம், நிஜமாகவே பதறியவர்போல. "அதால இதத் தொடலாமா?"

சார் குனிந்து, சொட்டிக்கொண்டிருந்த பாட்டிலை அவள் கையிலிருந்து வாங்கினார். "தொட்டாச்சு" என்றார்.

"ஓனர் வேணும்னே ஒதுங்கிப் பூட்டாருன்னு எழுதிடலாம் சார்" என்றாள் ஏஞ்சல், கரையேறியபடி. "அப்படி எழுதினா நம்ம கையெழுத்தே போதும். சட்டத்துல இருக்குது. நான் படிச்சிட்டுத்தான் வந்தேன்."

"இருக்கு" என்றார் சார். பேனாவைத் திறந்தார். "வேணும்னே, இல்லையாம்மா?"

அந்த வார்த்தை கோர்ட்டில் எப்படிக் கேட்கும் என்பது கலியாணசுந்தரத்துக்குத் தெரியும். நோட்டீஸைப் பிடுங்கி, மொபெட் சீட்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பேனா காகிதத்தைக் கிழித்தது.

அரக்கை உருக்கத் தீக்குச்சி கொளுத்தினால் காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. இரண்டு குச்சி, மூன்று குச்சி. காலனிப் பெண்கள் குடங்களைக் கீழே வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே நெருங்கி வட்டமாக நின்றார்கள். நான்காவது குச்சி எரிந்தது. அரக்கு இளகி பாட்டில் வாயில் சொட்ட, ஏஞ்சல் முத்திரையை அழுத்தினாள்.

"நம்ம வூட்டுப் புள்ள கைல கவர்மெண்டு முத்திரை, பாத்துக்கினீங்களா?" என்றாள் அன்னம்மாள். யாரோ குலவையிட்டார்கள்.

"அந்த ஃபைல் நாளைக்கு என் கையெழுத்தோட போகாது" என்றார் சார். "தண்ணி ரிசல்ட்டோட போகும்."

கலியாணசுந்தரம் வாட்ச்மேனைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவன் ஓடினான். மோட்டார் நின்றது. குழாயிலிருந்து நூலாக வழிந்தது, பிறகு சொட்டியது. அப்போதுதான் கால்வாயின் மேல்பக்கத்திலிருந்து இன்னொரு மோட்டார் சத்தம் காதில் விழுந்தது. அதற்கும் அப்பால் இன்னொன்று. பக்கத்துப் பட்டறைச் சுவருக்கு மேலே ஒரு தலை எழும்பி, பாட்டிலையும் பெண்களையும் பார்த்துவிட்டு மறைந்தது.

அந்த மோட்டார் நின்றது. கொஞ்சம் பொறுத்து, அதற்கு அடுத்ததும்.

ஏஞ்சல் பைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். காலி பாட்டில் இல்லை. அன்னம்மாள் கீழே வைத்திருந்த குடத்தை அங்கேயே கவிழ்த்துவிட்டு, சுவரோரமாக மேல்பக்கத்துப் பட்டறைகளை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக அவள் பின்னால்.