ஜோலீனுக்குப் புது ஜோடி

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேப்டன் மறுநாள் ஜோடிகளை அறிவித்தாள். ஐரோப்பாவுக்கு எதிரான கோல்ஃப் போட்டியின் காலை ஆட்டத்தில் ஜோலீனுடன் கென்ட்ரா. ட்ரூடிக்கு ஓய்வு.

ஒரே பந்தை இருவர் மாற்றி மாற்றி அடிக்கும் அந்த ஆட்டத்துக்கு ட்ரூடியும் ஜோலீனும்தான் எட்டு வருஷமாக அமெரிக்க அணியின் ஜோடி. கென்ட்ரா புதுசு, இருபத்திரண்டு வயது.

"முட்டி வலிக்குதுன்னியே, நல்லா ரெஸ்ட் எடு," என்றாள் ஜோலீன், முகத்தைப் பார்க்காமல்.

"முட்டி நல்லாத்தான் இருக்கு."

மறுநாள் ட்ரூடி, கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றோரமாக அவர்கள் கூடவே நடந்தாள். ஆடாதவர்கள் அப்படி நடந்து கைதட்ட வேண்டும். ஏழாவது குழியில் கென்ட்ரா பந்தை ஏரிக்குள் அடித்தாள். ட்ரூடிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அனுபவிக்கட்டும் என்று நினைத்தாள். ஆனால் ஜோலீனோ வாய்விட்டுச் சிரித்தாள்.

"மீனுக்குப் பசி போல, விடுடி!"

ட்ரூடியோடு ஆடும்போது ஒருநாளும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

கடைசிக் குழிவரை ஆட்டம் சமமாகவே போனது. ஜெயிக்க ஜோலீன் ஆறடி தூரத்திலிருந்து பந்தை உருட்டிக் குழியில் போட வேண்டும். விழக்கூடாது, விழக்கூடாது என்று ட்ரூடி வேண்டிக்கொண்டாள். தன் நாட்டு அணி ஜெயிக்கக்கூடாது என்றுதான் வேண்டுகிறோம் என்பது அவளுக்கு உறைக்கவேயில்லை. பந்து விழுந்தது. மைதானமே அலறியது. ஜோலீன் கென்ட்ராவைத் தூக்கிச் சுற்றினாள். ட்ரூடியும் கை தட்டினாள், உள்ளங்கை சிவக்கச் சிவக்க.

மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் ஜோலீன் தனியாக அகப்பட்டாள்.

"கேப்டனுக்கு என் மேல என்ன கோபம்?" என்று கேட்டாள் ட்ரூடி.

ஜோலீன் கையிலிருந்த சாண்ட்விச்சைக் கீழே வைத்தாள். "கேப்டன் இல்ல ட்ரூடி. நான்தான் மாத்தச் சொன்னேன்."

"நீயா?"

"உன்கூட ஆடறப்போ, அடிச்ச பந்து எங்க போச்சுன்னு நான் பார்க்கிறதே இல்ல. உன் மூஞ்சியைத்தான் பார்க்கிறேன். தப்பா அடிச்சா நீ திட்டினாக்கூடப் பரவால்ல. பேசாம நிப்பே பாரு, அதுதான் தாங்கல."

"எட்டு வருஷமா இதைச் சொல்ல உனக்கு வாய் இல்லியா?"

"பயம்டி. சொன்னா இதே மாதிரிதானே பார்ப்பே?"

ட்ரூடி எழுந்து போய்விட்டாள். பந்தடிக்கும் பயிற்சித் திடலில் இருட்டும்வரை அடித்தாள். ஒவ்வொரு அடியிலும் கென்ட்ராவின் முகம்தான் வந்தது. ஜோலீனின் முகத்தை நினைக்க அவளுக்குத் துணிவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒற்றையர் ஆட்டத்தில் ஒரு ஸ்வீடன்காரி அவளிடம் மாட்டினாள். ஐந்து குழி மிச்சமிருக்கும்போதே ட்ரூடி ஆட்டத்தை ஜெயித்து முடித்துவிட்டாள். அன்று கோப்பையும் அமெரிக்காவுக்கே கிடைத்தது.

புகைப்படத்துக்கு எல்லோரும் நின்றார்கள். ஜோலீனின் தோளில் சாய்ந்தபடி நின்ற கென்ட்ரா, ட்ரூடியைப் பார்த்ததும், "இன்னிக்கு அடிச்சு நொறுக்கிட்டீங்க!" என்றாள் உண்மையான சந்தோஷத்தோடு. நல்ல பெண்தான். அதுதான் ட்ரூடிக்கு இன்னும் எரிந்தது.

"கொஞ்சம் நகரு," என்றாள் ட்ரூடி.

கென்ட்ரா நகர்ந்தாள். ட்ரூடி இருவருக்கும் நடுவில் புகுந்து நின்று, கேமராவைப் பார்த்துச் சிரித்தாள்.