பாகு ருசி

"பாகை ருசி பார்த்ததும் வாய் கொப்பளிக்க எங்கம்மாவுக்கு நேரம் குடுங்க சார்."

பாகு ருசி பார்க்கும் வேலைக்கு ஏப்ரன் கட்டி நின்ற அம்மா என் கையைக் கிள்ளினாள். மிட்டாய்க் கம்பெனி முதலாளியிடம் எதையும் கேட்கக் கூடாது என்று வழியெல்லாம் சொல்லித்தான் கூட்டி வந்திருந்தாள்.

முதலாளி சிரித்தார். "மிட்டாய் கம்பெனியில பல்லு சொத்தையாகாம, முடியா கொட்டும்?"

"வாய்ல சர்க்கரை நிக்க நிக்க, கிருமி அதைத் தின்னு அமிலமாக்குது. அதுதான் பல்லை அரிக்குது. நாள் பூரா ருசி பாத்தா பல்லு எப்படித் தேறும்?"

"படிச்ச பொண்ணு பாடம் நடத்துது. ஒருத்திக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க."

"கேக்கட்டும். எல்லாருக்கும்தானே பல்லு இருக்கு?"

"விடுடி," என்றாள் அம்மா, வீங்கிய கன்னத்தைப் பொத்தியபடி. "பிடுங்கிட்டா வலி போயிடும்."

அப்படித்தான் ஏற்கெனவே மூன்று பற்களைப் பறிகொடுத்திருந்தாள். இந்தக் கடைவாய்ப் பல்லை வேர் சிகிச்சை செய்து காப்பாற்றிவிடலாம், ஆனால் இதே வேலை தொடர்ந்தால் மற்ற பற்களும் போய்விடும் என்று பல் டாக்டர் காலையில்தான் சொன்னார்.

"முடியலன்னா வீட்ல உக்காரச் சொல்லு," என்றார் முதலாளி.

அவர் மறுத்தால் என்ன செய்வது என்று டாக்டர் அறையிலேயே நான் முடிவு செய்திருந்தேன்.

"ஏப்ரனைக் கழட்டும்மா. என் சம்பளம் போதும்."

அம்மா தயங்கித் தயங்கி முடிச்சை அவிழ்த்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தேன்.