பாதிக்குப் பாதி கிராம்பு எண்ணெய்

லாரி டிரைவர் என் தம்பியின் பல்லை உடைத்தபோது நான் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டும் என்று யாராவது வந்தால் அவர்களையும் ஒரு கை பார்ப்பேன்.

எங்கள் பட்டறையில் கிராம்பையும் பட்டையையும் ஆவியில் வைத்து எண்ணெய் எடுப்பது நான். சோதனைத் தட்டில் கிருமி வளர்த்து, ஒரு சொட்டு விட்டு, எவ்வளவு தூரம் சாகிறது என்று அளந்து எழுதியதும் நான்தான். 'தட்டில் கிருமியைக் கொல்கிறது' என்று எழுதினேன். தம்பி 'தட்டில்' என்பதை வெட்டிவிட்டு லேபிள் அடித்தான். சமையல் எண்ணெயில் கலப்பதும் பாட்டிலில் அடைப்பதும் அவன். எவ்வளவு கலக்கிறாய் என்று நான் கேட்டதே இல்லை. அது என் கொழுப்பு.

டிரைவரின் நாலு வயது மகள் இருமலுக்கு அந்தப் பாட்டிலிலிருந்து இரண்டு ஸ்பூன் குடித்திருக்கிறாள். இப்போது ஆஸ்பத்திரியில் ஈரல் கெட்டுக் கிடக்கிறாள். டிரைவரின் போன் ஸ்பீக்கரில் டாக்டர் காத்திருந்தார்.

"கிராம்பு எண்ணெயா, எவ்வளவுன்னு சொல்லுங்க. அதுக்குத் தனி மருந்து ஏத்தணும்."

"சமையல் எண்ணெய்தாண்ணே! வாசனைக்கு நாலு சொட்டு!" என்றான் தம்பி. சொன்னால் ஜெயில் என்று அவனுக்குத் தெரியும்.

டிரைவர் வீல் ஸ்பேனரை வீசினார். அலமாரி பாட்டில்கள் நொறுங்கின. அடுத்த வீச்சில் தம்பியின் முன்பல் தெறித்தது. அப்போதும் நாலு சொட்டுதான். சின்ன வயதிலிருந்தே அப்படி, அடிக்க அடிக்கப் பொய் கெட்டியாகும்.

"நகருங்கண்ணே. இவனை நான் பாத்துக்கிறேன்" என்று டிரைவரை விலக்கினேன்.

கிராம்பு எண்ணெயை எடுக்கவில்லை, அது மரத்துப்போகச் செய்யும். பட்டை எண்ணெயை எடுத்தேன். அது எரிக்கும்.

"அக்கா, வேணாங்கா!"

நெஞ்சில் முட்டியை ஊன்றி, தாடையைப் பிளந்து, பல் போன குழியில் ஊற்றினேன். அவன் கத்தினான். இருந்தும் பாட்டிலை மறுபடி சாய்த்தேன்.

"பாதி! பாதிக்குப் பாதி கிராம்புக்கா!"

போனில் டாக்டர் யாரையோ கூப்பிட்டுக்கொண்டே ஓடும் சத்தம் கேட்டது.

டிரைவர் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ படிச்ச பொண்ணும்மா. புள்ள பொழச்சிடும்ல?"

கட்டுக்கட்டாகச் சோதனைக் குறிப்பு எழுதியிருக்கிறேன். பிள்ளையின் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்று ஒரு வரி எழுதியதில்லை.

"தெரியலண்ணே."

"இதைக் காய்ச்சினது யாரு?"

"நான்தான்."

அவர் குனிந்து ஸ்பேனரை எடுத்தார். தடுக்க நான் கையைத் தூக்கவில்லை.