உப்புப் பார்த்தவள்

பூங்குழலி குத்துக்காலிட்டு அமர்ந்து, புளியமரக் கட்டையின்மேல் மாட்டுக்கறியைக் கொத்திக்கொண்டிருந்தாள். இரு கைகளிலும் இரண்டு கத்திகள். ஒன்று எழும்போது மற்றொன்று இறங்கியது. இயந்திரத்தில் அரைத்தால் கறி களியாகிவிடும். கையால் கொத்தினால்தான் ஒவ்வொரு துணுக்கும் சாற்றைக் குடித்துக்கொண்டு தனித்து நிற்கும் என்று சாகிரா முதல் நாளே சொல்லியிருந்தாள். மாசி வெயில் தகரக் கூரையின் வழியே இறங்கி, அந்தச் சிறிய சமையற்கட்டை அடுப்புக்குச் சமமாகச் சுட்டது.

சாகிரா வெங்காயத்தைச் செம்பழுப்பாக வதக்கி, இஞ்சி பூண்டு விழுதையும் மிளகாய்த்தூளையும் சேர்த்துக் கிளறினாள். பிசைந்த தக்காளியும், புளிக்கரைசலும், ஒரு சிறு கட்டி வெல்லமும் அதில் இறங்கின. அவள் கணவன் வசீம் பின்கட்டில், எண்ணெய் டின்னை வெட்டித் தானே செய்த அடுப்பிலிருந்து பன்களை எடுத்துக்கொண்டிருந்தான். அவன் வேலை பார்த்த பேக்கரி மூடப்பட்டபின் வீட்டிலேயே மாவு பிசைந்து, ஈரத்துணி போர்த்திப் பொங்கவைத்து, பன் சுடத் தொடங்கியிருந்தான். நோன்பு திறக்கும் வேளையில் பள்ளிவாசல் தெருமுனையில் கொத்துக்கறி வைத்த அவர்களுடைய கைமா பன்னுக்குக் கூட்டம் நின்றது.

தளவானூரிலிருந்து முதல் பேருந்தில் செஞ்சிக்கு வரும் பூங்குழலிக்கு இரண்டு வீடுகளில் வேலை. காலையில் மளிகை மண்டி முதலாளி வீட்டில் சமையல். மகன் குருவின் பாலிடெக்னிக் படிப்பு அந்தச் சம்பளத்தில்தான் நடந்தது. அது முட்டையைக்கூட வாசற்படி தாண்டவிடாத வீடு. நோன்பு பிறந்தபின், மதியத்தில் சாகிரா வீடு. மதியம் எங்கே போகிறாய் என்று மண்டி வீட்டில் எவரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. சொன்னால் அந்த வேலை நிலைக்காது என்பது அவள் அறியாததன்று.

“அக்கா, வந்து நாக்க நீட்டுங்க,” என்றாள் சாகிரா.

“ஏன், நீதான் மோந்து பாத்தே சொல்லுவேன்னியே?”

“மொத நோம்பன்னிக்கு மோந்து பாத்துதானே போட்டேன். கடல் தண்ணியில வேகவெச்சியான்னு கேட்டாங்களே!”

கணவனும் மனைவியும் நோன்பு. அந்த வீட்டில் பகலில் உப்புப் பார்க்கக்கூடிய நாக்கு பூங்குழலியுடையது ஒன்றே. அவள் கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு ஊற்றிக்கொண்டு நக்கினாள். கண்களை மூடினாள். சாகிரா தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவளைப் போல் நின்றாள்.

“உப்பு ஒரு சிட்டிகை போடு. வெல்லம் தூக்கலா இருக்குது. கொஞ்சம் புளிய ஊத்து, சரியாப்பூடும்.”

வசீம் பன் தட்டோடு உள்ளே வந்தான். “அக்கா, காலையில மைதா வாங்க உங்க மொதலாளி மண்டிக்குத்தான் போயிருந்தேன். வியாபாரம் எப்டி பாய் போவுதுன்னாரு. எல்லாம் உங்க வூட்டு பூங்குழலி அக்கா நாக்கு செஞ்ச புண்ணியம்னேன். கைமாவுக்கு உப்பு பாக்குறதே அவங்கதான்னு நல்லா பெருமையா சொல்லிட்டு வந்தேன்.”

பூங்குழலியின் கை கரண்டியோடு நின்றது.

“அவரு இன்னா சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. சில்லறைய கையில குடுக்காம மேசை மேல வெச்சாரு. ஏன்க்கா?”

“ஒண்ணுமில்ல பாய்.”

சாகிரா கணவனை ஏறிட்டுப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவனுக்குப் புரியவில்லை. அவன் சிரித்தபடியே பன்களைக் குறுக்காகப் பிளந்தான். பூங்குழலி அவற்றை வெண்ணெய் தடவிய தோசைக்கல்லில் கவிழ்த்து, விளிம்பு மொறுமொறுத்ததும் எடுத்துத் தந்தாள். சாகிரா ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி கைமாவை வழிய வழிய வைத்து மூடினாள். சிவந்த சாறு பன்னின் ஓரத்தில் கசிந்து காகிதத்தை நனைத்தது.

மறுநாள் காலை பூங்குழலி குளத்தில் குளித்து, ஈரத்தலையோடு மண்டி வீட்டின் பின்வாசலுக்கு வந்தாள். கதவு உட்பக்கம் தாழிடப்பட்டிருந்தது. படிக்கட்டின் அருகே ஒரு சாக்குமூட்டை சாய்ந்திருந்தது. முதலாளியின் மனைவி ராஜாம்பாள் சன்னல் வழியாக அவளைப் பார்த்தாள்; கதவைத் திறக்கவில்லை.

“அவருக்கு மனசு ஒப்பல பூங்குழலி. தப்பா நெனைக்காத.”

“நான் மதியம்தானே அங்க போறேன்ம்மா? காலையில முழுவிட்டுத்தானே இங்க அடுப்புப் பத்த வெக்கிறேன்?”

“எனக்குத் தெரியாதா? ஒன் ரசம் மாதிரி யாருக்குடி வரும்?” ராஜாம்பாளின் குரல் உண்மையாகவே கம்மியது. “நேத்து ராத்திரி அவரு சாப்பிடவே இல்ல. நீ பொழங்குன ஏனம் பாத்திரம் எல்லாத்தையும் அதுல கட்டி வெச்சிருக்கேன். நாங்க இனிமே அதுல ஆக்க முடியாது. நல்ல கனமான பித்தளை. எடுத்துட்டுப் போ, நல்லா இரு.”

“வேல இல்லன்னா எம்மவன் படிப்பு நின்னுபூடும்மா.”

சன்னற்கதவு மெல்லச் சாத்தப்பட்டது.

சாகிரா வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. போனால் சொல்ல வேண்டிவரும். சொன்னால் வசீம் நொறுங்கிப்போவான். இன்று அவர்கள் மோந்து பார்த்தே உப்புப் போட்டுக்கொள்ளட்டும். அவள் மூட்டையைத் தலையிலேற்றிப் பேருந்து நிலையத்துக்கு நடந்தாள்.

தளவானூர்ப் பேருந்தில் ஏறி, மூட்டையைத் தன் மடிக்கும் முன்னிருக்கைக்கும் நடுவே இருத்தினாள். ரசச்சட்டியும் சோற்றுக்குண்டானும் உள்ளே மோதி ஒலித்தன. நடத்துநர் விரலால் சாக்கைத் தட்டிப் பார்த்தார்.

“இன்னாக்கா, பித்தளை சத்தம் கேக்குது? பொண்ணுக்குச் சீரா?”

பக்கத்து இருக்கைப் பெண்கள் திரும்பி, மூட்டையை ஆசையோடு பார்த்தார்கள். பூங்குழலி மூட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“பொம்பளைங்களுக்குத்தான் டிக்கெட்டுக்குக் காசு இல்ல. மூட்டைக்கு லக்கேஜ் போடணும்.”

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். நடத்துநர் இரண்டு சீட்டுகளைக் கிழித்துக் கொடுத்தார். அவளுடையது இலவசம். மூட்டைக்குக் காசு கொடுத்து வாங்கிய சீட்டை அவள் பாத்திரங்களின் இடுக்கில் செருகி, பேருந்தின் குலுக்கலில் அவை சத்தமிடாதபடி இரு கைகளாலும் அணைத்துக்கொண்டாள்.